மௌனவல்லியின் பின்னூட்டம்

அம்மா, இந்த பஸ் சிஸ்டர்மார் நடத்துற இல்லம் வழியாத்தானே போகும்? கண்டக்டர்கிட்ட கேட்டேன். "அந்தா, ஜன்னலோரம் தூக்குவாளியோட இருக்காங்கல்லா, அவங்களும் அங்கதான் இறங்குவாங்க. பக்கத்துல போய் உட்காரும்மா"ன்னு சொன்னார். உட்காரலாமா? ஆள் யாரும் வரலையே?

உங்களுக்கு அங்க யாரு இருக்கா? மகளா. பேர் என்ன? ராஜகனி. நல்ல பேர். வெள்ளியும் ஞாயிறும் போவீங்களா. சரி சரி.

நான் கோவில்பட்டி. செண்பகவல்லின்னு பேரு. வீட்டுல சர்வீஸ் கமிஷன் கோச்சிங்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அந்த இல்லத்துல வேலைக்கு ஆள் எடுப்பாங்களா? சம்பளம் கொடுத்தா கொடுக்கட்டும், இல்லாட்டியும் பரவாயில்லை. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் அங்க சேர்ந்திருக்கணும். நாளை மறுநாள். அதுதான் அவசரம்.

ஏன் இப்படிப் பார்க்கறீங்க? சொல்றேன், முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும்.

நான் பொதுவா யார்கிட்டயும் பேசமாட்டேன். உங்ககிட்ட என்னமோ பேச வருது. காலேஜ்ல ஹாஸ்டல் பிள்ளைங்க என்னைக் காட்டி, "மேடம், இது பேசுமா?"ன்னு வார்டன்கிட்டயே கேட்டிருக்காங்க. எம்.எஸ்ஸி. விலங்கியல் படிச்சேன். வாய்மொழித் தேர்வுல வெளியிலேருந்து வந்த சார் ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும். வாயில நிற்குது, வெளிய வரலை. அவர் "பரவாயில்லைம்மா, போ"ன்னுட்டார். வெளிய வந்து மாடிப்படியில உட்கார்ந்து அந்தப் பதிலை முழுசா எழுதிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

அதனாலதான் எனக்கு சாவடி பிடிச்சுது. சாவடின்னா இன்டர்நெட்ல ஒரு தளம். யார் வேணும்னாலும் அதுல எழுதலாம். சமையல், கவிதை, கோயில் குளம், மாமியார் சண்டை, எதை வேணும்னாலும். அதைப் பதிவுன்னு சொல்வோம். அதுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கும். படிச்சவங்க அதுல நாலு வரி எழுதிட்டுப் போவாங்க. அது பின்னூட்டம். கல்யாண வீட்டு மொய் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். நான் உங்க பதிவுக்கு வந்து எழுதினா, நீங்க என் பதிவுக்கு வந்து எழுதணும். அங்க அதுக்குப் பேரே மொய்தான். சில பேர் படிக்கவே மாட்டாங்க, 'அருமை, தொடருங்கள்'னு வச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க. நான் அப்படிக் கிடையாது. முழுசாப் படிச்சிட்டுத்தான் வைப்பேன். அங்க என் பேரு மௌனவல்லி. என் படம் போடற இடத்துல ஒரு சூரியகாந்திப் பூ போட்டிருப்பேன்.

அதுல ஒரு வசதி, அம்மா. 'என் பின்னூட்டங்கள்'னு ஒரு பக்கம் உண்டு. நான் யார் யாருக்கு என்னென்ன எழுதினேனோ, எல்லாம் அங்க வரிசையா நிற்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு சின்னப் படம். ஒண்ணு குப்பைத்தொட்டி, ஒண்ணு பென்சில். குப்பைத்தொட்டியைத் தொட்டா எழுதினது போயிடும். ஆனா அந்த இடத்துல 'இதை எழுதியவரே நீக்கிவிட்டார்'னு மங்கலா ஒரு வரி நின்னுக்கிட்டே இருக்கும். அது எனக்கு ஆகாது. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? என்னவோ அசிங்கமா எழுதி அழிச்சிருக்கான்னுதானே? பென்சில் அப்படி இல்லை. உள்ள போய் மாத்திட்டு வந்தா, முதல்லேயே அப்படித்தான் எழுதின மாதிரி இருக்கும். தேதிகூடப் பழைய தேதிதான்.

தினம் காலையில குளிச்சிட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். ஒரு வார்த்தை தூக்கலா இருந்தா இறக்குவேன். ஒருத்தரை 'சார்'னு எழுதியிருப்பேன், அப்புறம் அவர் காலேஜ்ல படிக்கற பையன்னு தெரிஞ்சா 'தம்பி'ன்னு மாத்துவேன். ஒரு கவிதைக்கு 'கண் கலங்கிவிட்டது'ன்னு எழுதியிருப்பேன். அவர் என் பக்கம் எட்டியே பார்க்கலைன்னா 'நன்று'ன்னு குறைச்சிடுவேன். மத்தவங்க வீடு பெருக்கற மாதிரி, நான் இதை வச்சிருந்தேன். வாயால பேசறவங்களுக்கு இந்த வசதி இல்லை பாருங்க. பாவம்தான்.

அங்க பழக்கமானவங்கதான் ஜெசிந்தாக்கா. தூத்துக்குடி. வீட்டுல தையல் கிளாஸ் எடுக்கறாங்க. கல்யாணம் பண்ணிக்கலை. அப்பா அம்மா இல்லை. ஒரே ஒரு அண்ணன், மிக்கேல்னு பேரு. அவருக்கு சின்ன வயசுலேருந்தே மனசு சரியில்லை. 'அண்ணனும் நானும்'னு அவரைப் பத்தித்தான் ஜெசிந்தாக்கா எழுதுவாங்க. அவர் வாசல் கேட்டுக் கொண்டியைப் போடறதும் எடுக்கறதுமா காலையிலேருந்து நிற்கறது, மாதா கோயில் மணி அடிச்சா பதிலுக்கு இவர் தட்டைத் தட்டறது, ஜெசிந்தாக்கா கையால பிசைஞ்சு வச்சாத்தான் சாப்பிடறது, வேற யார் பிசைஞ்சாலும் தட்டைத் தள்ளிவிடறது. அவங்களை 'சிந்தா'ன்னுதான் கூப்பிடுவாராம். எல்லாத்தையும் சிரிக்கச் சிரிக்க எழுதுவாங்க.

நான் பூச்சிகளைப் பத்தி எழுதுவேன். எங்க குளியலறை ஜன்னல்ல இருக்கற சிலந்தி, தண்ணித் தொட்டிகிட்ட கூடு கட்டற குளவி, இந்த மாதிரி. யார் வருவா அதுக்கு? ஜெசிந்தாக்கா வருவாங்க. ஒரு தடவை எழுதியிருந்தாங்க: 'ஏ மௌனவல்லி, உன் சிலந்தி நேத்து எங்க அடுப்படிக்கு வந்திருந்தது. விளக்கமாத்தை எடுத்துட்டேன். உன் நினைப்பு வந்து வச்சிட்டேன். இனி அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு.' நான் அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன். என்கிட்ட அப்படி உரிமையாப் பேசினவங்க வேற யாரும் இல்லை, அம்மா. நேர்ல கூட இல்லை.

போன ஆடி மாசம் மிக்கேல் அண்ணனுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஒருநாள் ஜெசிந்தாக்காவைப் பிடிச்சுத் தள்ளி, கை மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க மேல கல்லு எடுத்து எறிஞ்சிருக்கார். அதுக்கு மேல முடியலைன்னு, இப்ப நாம போறோமே, இந்த இல்லத்துல கொண்டுவந்து விட்டாங்க. விட்டுட்டுப் போய் அன்னைக்கே ஒரு பதிவு எழுதினாங்க. பெரிய பதிவு இல்லை. 'இன்று அண்ணனை விட்டுவிட்டு வந்தேன். கேட் கொண்டி சும்மா கிடக்கிறது'ன்னு முடிச்சிருந்தாங்க.

அதுக்கு முந்தின வாரம்தான் நான் குளவியைப் பத்தி எழுதியிருந்தேன். ரொம்ப உழைச்சு எழுதினது. ஒருத்தரும் வரலை. ஜெசிந்தாக்காவும் வரலை. கையில மாவுக்கட்டு இருந்துச்சுன்னு நீங்க சொல்வீங்க. எனக்கும் அது அப்புறம் தெரிஞ்சுது. ஆனா பாருங்க, அதே கையால அவங்க பதிவை மட்டும் எழுத முடிஞ்சுதுல்லா? நான் குத்தமாச் சொல்லலை. தோணுச்சு, சொல்றேன்.

அந்தப் பதிவுக்கு நான் ஒரு பின்னூட்டம் போட்டேன். ஒண்ணும் பெருசா இல்லை. இனிமே எப்படிச் சாப்பிடுவீங்கன்னு, ஒரு அக்கறையில. அவ்வளவுதான். அதுக்கு அவங்க என்ன பதில் எழுதினாங்க தெரியுமா? 'இங்க ஒரு நாள் வந்து இருந்து பார்த்துட்டு அப்புறம் பேசு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு.'

என்னைப் பார்த்து வாயை மூடுன்னு சொன்ன முதல் ஆள் அவங்கதான். மத்தவங்க எல்லாம் திறன்னுதானே சொல்வாங்க.

உடனே பென்சிலைத் தொட்டேன். நான் எழுதினதை எடுத்துட்டு, 'கலங்காதீங்க அக்கா, நாங்க எல்லாரும் உங்களோட இருக்கோம்'னு மாத்தினேன். நல்ல மனசோடதான் மாத்தினேன். அவங்க மனசைப் புண்படுத்தின வார்த்தை அங்க எதுக்கு நிற்கணும்? துணியில கறை பட்டா அலசமாட்டோமா?

ஆனா கீழ அவங்க எழுதினது அப்படியே நிற்குது. அதை நான் என்ன செய்ய முடியும்? என் பென்சில் என்னுதுக்கு மட்டும்தான். அவங்களுதை அவங்கதான் மாத்தணும்.

அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க. வந்து படிக்கறவங்களுக்கு என்ன தெரியும்? மேல ஒரு பிள்ளை ஆறுதல் சொல்லியிருக்கு. கீழ வாயை மூடுன்னு பதில் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கற ஒரு சார்தான் ஆரம்பிச்சார். 'ஆறுதல் சொன்ன பெண்ணையே இப்படி விரட்டுகிறீர்களே, அண்ணனையும் இப்படித்தான் விரட்டினீர்களா?'ன்னு. அவ்வளவுதான். முப்பது பேர், நாற்பது பேர் வந்தாங்க. 'பெற்ற தாய் இருந்திருந்தால் விட்டிருப்பாளா'ன்னு ஒருத்தங்க. 'அண்ணனை வைத்து எழுதிப் பேர் வாங்கிவிட்டு இப்போது தொலைத்துவிட்டார்கள்'னு ஒருத்தர். ஜெசிந்தாக்கா எழுதினாங்க: 'அவள் முதலில் எழுதியது இது இல்லை.' 'அப்போ எது? காட்டுங்க'ன்னு இவங்க. எதைக் காட்டுவாங்க? 'மௌனவல்லி, நீயே சொல்லு'ன்னு கடைசியில என்கிட்டயே கேட்டாங்க.

அவ்வளவு கூட்டத்துல நான் எப்படி அம்மா பேசுவேன்? என் சுபாவமே அது இல்லையே.

அதனால அந்தக் கேள்விக்கு நான் ஒண்ணும் எழுதலை. ஆனா எனக்காகப் பேச வந்தவங்களுக்கு பதில் சொல்லணும்ல, மரியாதை இல்லையா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதினேன். 'பரவாயில்லைங்க, அக்கா மனக்கஷ்டத்துல இருக்காங்க. நாமதான் பொறுத்துப் போகணும்.' எல்லாருக்கும் அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 'எவ்வளவு பெரிய மனசும்மா உனக்கு'ன்னு எழுதினாங்க. பழைய பூச்சிப் பதிவுக்கெல்லாம் போய்ப் படிச்சிட்டு வந்தாங்க. குளவிக்கு மட்டும் அன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்கங்கறீங்க.

மறுநாள் ஜெசிந்தாக்கா ஒரு வரி எழுதினாங்க. 'மௌனவல்லியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' நான் காக்க வைக்கலை. உடனே 'மன்னிச்சிட்டேன் அக்கா'ன்னு போட்டேன்.

அதோட முடிஞ்சுதுன்னுதானே நினைப்பீங்க? அவங்க 'அண்ணனும் நானும்' மொத்தத்தையும் எடுத்துட்டாங்க. ஒரு பதிவுகூட இல்லாம. பதிவு போனா அதுக்குக் கீழ இருக்கற பின்னூட்டமும் சேர்ந்து போயிடும். அவங்களுக்கு நான் எழுதினது எல்லாம், பார்த்துப் பார்த்துத் திருத்தி வச்சது எல்லாம், ஒரு காலையில போய்த் திறந்தா இல்லை. அவங்க பதிவு, அவங்க எடுத்துக்கட்டும். என்னுதும் அதுல இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எனக்கு அதுதான் அம்மா ஆறவே இல்லை.

வந்த கூட்டமும் ரெண்டு வாரத்துல கலைஞ்சு போச்சு. அப்புறம் நான் மரவட்டையைப் பத்தி எழுதினேன், மின்மினியைப் பத்தி எழுதினேன். வெறும் பெட்டி. காலையில திறந்து பார்ப்பேன், மூடிடுவேன். சிலந்திக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்புன்னு சொல்ல ஆள் இல்லை.

என்னம்மா? நான் முதல்ல எழுதினது சரியா என்னன்னா? அதான் சொன்னேனே. அண்ணன் இல்லாம எப்படிச் சாப்பாடு இறங்குதுன்னு, வருத்தமாத்தான் கேட்டேன்.

டிக்கெட்டா, நான் எடுத்துட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான். இருக்கட்டும், வச்சுக்கோங்க.

இந்த வாரம் திங்கட்கிழமை சாவடியில ஜெசிந்தாக்கா பேரைப் பார்த்தேன். இவ்வளவு மாசம் கழிச்சு. ஒரே வரி. 'என் அண்ணன் மிக்கேல் இறந்துவிட்டான்.' கீழ பார்த்தா பெட்டி இல்லை. பின்னூட்டத்தை மூடி வச்சிருக்காங்க. நான் எழுதி முடிச்சே வச்சிட்டேன் அம்மா, நல்லா வந்திருந்தது, போடறதுக்கு இடம் இல்லை. ரெண்டு நாள் திறந்து திறந்து பார்த்தேன். பெட்டி வரலை. மத்தவங்க எல்லாம் அப்படியே விட்டுட்டாங்க. எனக்கு விட முடியலை. நான் சொல்லாம விட்டா, அன்னைக்கு நடந்தது மட்டும்தானே அவங்க மனசுல நிற்கும்? அதனாலதான் நேத்து நேர்லயே கிளம்பி வந்தேன். யார் வீட்டு துக்கத்துக்கும் நான் தனியாப் போனது கிடையாது. நினைச்சுப் பாருங்க.

வீட்டைக் கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்லை. எல்லாம் அவங்க எழுதினதுதானே. மாதா கோயிலுக்குப் பின்னால மூணாவது தெரு, நீல கேட். கொண்டியைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, தேஞ்சு பளபளன்னு இருந்தது. உள்ள பொம்பளைங்க பாய் விரிச்சு உட்கார்ந்திருந்தாங்க. ஜெசிந்தாக்கா சுவர்ல சாய்ஞ்சிருந்தாங்க. நான் நினைச்சதைவிட ஒல்லி. பஸ்ல வர்ற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை யோசிச்சு வச்சிருந்தேன். 'அக்கா, நான்தான் மௌனவல்லி.' அவ்வளவுதான் வாக்கியம். போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். வாயில நிற்குது. வரலை.

அவங்களே கேட்டாங்க. "நீ யாரும்மா? இல்லத்துலேருந்து வந்த பிள்ளையா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆமான்னு நான் சொல்லலை, அம்மா. தலையைத்தான் ஆட்டினேன்.

"புதுசா சேர்ந்தியாக்கும். பார்த்த மாதிரி இல்லையே"ன்னாங்க. அதுக்கும் ஆட்டினேன். அவ்வளவுதான், என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உடைஞ்சு சேர்ந்த கைதான், பிடி சரியா இல்லை. "மாசா மாசம் போவேன் பிள்ள. என்னைக் கண்டாலே சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிடுவான். ஒரு வார்த்தை பேசினதில்லை. கொண்டு தள்ளிட்டாளேங்குற கோவம். நீ பக்கத்துல இருந்திருப்பல்லா. கடைசியில என்னைக் கேட்டானாட்டி?"

சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் என்னையே பார்க்கறாங்க. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். எனக்கு அது எப்பவும் தெரியும். ஆனா நேத்துதான் முதல் தடவையா வாயில வந்தது. "கேட்டாங்க. 'சிந்தா எங்க, சிந்தா சாப்பிட்டாளா'ன்னு கேட்டாங்க"ன்னு சொன்னேன்.

அவங்க அழுத அழுகையை நான் என்னன்னு சொல்ல. கூட இருந்த ஒரு கிழவி, "பார்த்தியா ஜெசி, உன்மேல அவனுக்குக் கோவம் இல்லட்டி, அப்பவே நான் சொல்லலையா"ன்னு முதுகைத் தடவினாங்க. சிந்தாங்கற பேரு வெளியாளுக்கு எப்படித் தெரியும், அவன் சொல்லாமலா தெரியும்னு இன்னொருத்தங்க. அப்புறம் யாரோ கஞ்சி கொண்டுவந்தாங்க. ஜெசிந்தாக்கா ஒரு டம்ளர் குடிச்சாங்க. 'அவன் போனதுலேருந்து இப்பத்தான் ஜெசி ஒரு வாய் குடிக்கறா'ன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

குடிச்சிட்டு அவங்களாவே சொன்னாங்க. "கம்ப்யூட்டர்ல ஒரு பிள்ளை என்கிட்டக் கேட்டாட்டி. நல்ல பிள்ளை, பூச்சி பொட்டையெல்லாம் உத்துப் பார்த்து எழுதுவா. 'அண்ணனைக் கொண்டு தள்ளிட்டு வந்த கையால பிசைஞ்ச சோறு உங்களுக்கு இறங்குதா'ன்னு கேட்டா. அன்னையிலேருந்து கையால பிசைஞ்சு நான் சாப்பிட்டதே இல்லை. கரண்டியாலதான். அப்புறம் அவ அதை மாத்திட்டா. ஊரெல்லாம் நான் பொய் சொல்லுதேன்னுச்சு. போட்டும். ஆனா முதல்ல கேட்டாளே, அது கேட்டதுதானே."

அப்படியேவா எழுதினேன்னு எனக்கு இப்ப நினைவு இல்லை, அம்மா. இருக்கலாம். நான்தான் அதை அன்னைக்கே எடுத்துட்டேனே. எடுத்ததை இவ்வளவு காலம் ஒருத்தர் மனசுல வச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

நல்ல பிள்ளைன்னுதான் சொன்னாங்க, கவனிச்சீங்களா? 'நல்ல பிள்ளை'ன்னு சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொன்னாங்க.

அப்பவாவது 'அது நான்தான்'னு சொல்லியிருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. எப்படிச் சொல்றது? சொன்னா, இப்ப நான் சொன்ன 'சிந்தா சாப்பிட்டாளா' என்ன ஆகும்? அதுவும் போயிடும்ல. கஞ்சி குடிச்சு இன்னும் வாயைக்கூடத் துடைக்கலை அவங்க.

எழுந்திரிக்கும்போது கேட்டாங்க, "ஞாயித்துக்கிழமை அண்ணன் பேருல உங்க இல்லத்துல எல்லாருக்கும் மதியச் சாப்பாடு கொடுக்கேன். நீ இருப்பல்லா? அவன் கிடந்த கட்டிலை நீதான் எனக்குக் காட்டணும். நீ சொன்னதை அங்க வச்சு இன்னொரு தடவை சொல்லு பிள்ள. சிஸ்டர்மாரும் கேட்கட்டும்." நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

இப்பப் புரியுதா அம்மா, எனக்கு ஏன் வேலை வேணும்னு? நான் அங்க இல்லைன்னா அவங்க என்ன நினைப்பாங்க? இப்பச் சேர்ந்துட்டா எல்லாம் சரியாப் போகும். நான் நல்லா வேலை பார்ப்பேன். பேன் பார்ப்பேன், நகம் வெட்டுவேன், மலம் மூத்திரம் எடுக்கவும் எனக்கு அருவருப்பு கிடையாது, காலேஜ்ல எத்தனை தவளை அறுத்திருக்கேன். சிஸ்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கணும். போன மாசமே நான் சேர்ந்ததா வச்சுக்க முடியுமான்னு. அவங்களுக்கு அதுல என்ன நஷ்டம்? தேதிதானே.

உங்களுக்கு மிக்கேல் அண்ணனைத் தெரியும்ல? சின்ன இல்லம், ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒரே ஹால்தானா? ராஜகனிக்கு எதிர்க் கட்டிலா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அவர் எப்படிப் படுத்திருப்பார், எந்தப் பக்கம் தலை வச்சிருப்பார், இதெல்லாம் எனக்குத் தெரியணும்.

என்னது?

பேசவே மாட்டாரா? ஒரு வார்த்தைகூடவா? யார்கிட்டயும்?

வந்த அன்னையிலேருந்தா?

நீங்க இல்லாத நேரத்துல பேசியிருக்கலாம்ல. போன வெள்ளிக்கிழமை அவர் உயிர் போகும்போது நீங்க அங்கதான் இருந்தீங்களா. ராஜகனிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தீங்களா. சரி. சுவத்தைப் பார்த்தமேனிக்கே போயிட்டாரா. சரிம்மா.

இதை ஜெசிந்தாக்காகிட்ட யாரும் சொல்லலைல? சிஸ்டர் சொல்லமாட்டாங்கன்னு நினைக்கறேன், அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க அங்க இருப்பீங்க. ஜெசிந்தாக்கா எல்லார்கிட்டயும் இதைத்தான் பேசுவாங்க. எதிர்க் கட்டில்னு தெரிஞ்சா உங்ககிட்டதான் முதல்ல வருவாங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் உங்க முகம் சொல்லிடும்.

அம்மா, நான் ஒண்ணு கேட்கட்டுமா? இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க வராம இருக்க முடியுமா? ஒரே ஒரு வாரம். ராஜகனியை நான் பார்த்துக்கறேன். நீங்க என்ன கொடுத்து அனுப்பினாலும் நானே பிசைஞ்சு ஊட்டிவிடறேன். உங்களுக்கும் ஓய்வா இருக்கும். வராத நாள் அவளுக்குத் தெரியவா போகுது? அவளுக்கு ஞாயிறு எது, வெள்ளி எதுன்னு...

ஏன் எழுந்திரிக்கறீங்க? இல்லம் இன்னும் வரலையே, உப்பளம்தானே வந்திருக்கு. அம்மா, உட்காருங்க. டிக்கெட் காசெல்லாம் எதுக்கு, உள்ள வைங்க. கண்டக்டர் பார்க்கறார். நான் கடைசியாச் சொன்னதை விட்டுடுங்க, அதை நான் சொல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்க. கொஞ்சம் இருங்க, உட்காருங்க. வேற மாதிரி சொல்றேன்.